புரோட்டோபிளாசம் எங்கே போயிற்று? செல்லுக்குள் இருந்த பழைய பெயர்கள்

தும்பை

வணக்கம் நண்பர்களே. பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். பள்ளி நூலகத்தில் 1950களில் அச்சான கல்லூரித் தாவரவியல் புத்தகம் ஒன்று இருக்கிறது. செல் பற்றிய அதிகாரத்தில் வரிக்கு வரி புரோட்டோபிளாசம்தான், அதாவது செல்லுக்குள் நிறைந்திருக்கும் உயிர்ப்பொருள். புரோட்டோபிளாசம் ஓடுகிறது, சுருங்குகிறது, சுவாசிக்கிறது, தூண்டினால் உணர்கிறது. இப்போது நாங்கள் நடத்தும் பாடத்தில் அந்தச் சொல் ஓரிரு இடத்தில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது. அதன் வேலைகளையெல்லாம் செல்லின் உள்ளுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், எண்டோபிளாச வலை என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தாயிற்று.

அதே புத்தகத்தில் சார்கோடு, சைட்டோபிளாஸ்ட், காண்ட்ரியோசோம், எர்காஸ்டோபிளாசம், பயோபிளாஸ்ட் என்று இன்னும் பல பெயர்கள் வருகின்றன. இவற்றில் எவை இன்று வேறு பெயரில் இருக்கின்றன, எவை இல்லாத பொருளுக்கு வைத்த பெயர்கள் என்று பிரித்துப் பார்க்க ஆசை. மாணவர்களும் கேட்கிறார்கள்: "மிஸ், புரோட்டோபிளாசம்னு எழுதினா தப்பா?" நேரான பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஏடு

டீச்சர், 'செல்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கிவிடலாம். அதற்குள் இருப்பதைப் பற்றிய குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

1665-இல் லண்டனில் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா'வின் பதினெட்டாவது அவதானிப்பு தக்கையைப் பற்றியது. ராபர்ட் ஹூக் பேனாக்கத்தியைச் சவரக்கத்தி அளவுக்குத் தீட்டி, தக்கைத் துண்டின் ஒரு பக்கத்தை வழவழப்பாகச் சீவினார். பிறகு அந்தப் பரப்பிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தார். தக்கை வெளுப்பாக இருப்பதால் அதைக் கறுப்புத் தட்டின் மேல் வைத்தார். ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் குவிவுமான கண்ணாடியால் வெளிச்சத்தை அதன் மேல் பாய்ச்சினார். தேனடை போல அறை அறையாகத் தெரிந்தது. ஓர் அங்குலத்தில் பதினெட்டில் ஒரு பங்குக்கு 60 அறைகள். அப்படியானால் அங்குல நீளத்துக்கு 1080, சதுர அங்குலத்துக்கு 11,66,400, கன அங்குலத்துக்கு 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். இந்தக் கணக்கையும் அவரே போட்டு எழுதியிருக்கிறார். தன் கண்ணால் பார்க்காவிட்டால் இதை நம்பவே முடியாது என்று வியப்போடு சொல்கிறார்.

தக்கை செத்த திசு. அவர் பார்த்தது சுவர்களை. ஆனால் ஹூக் பச்சைச் செடிகளையும் பார்த்தார். அங்கே அறைகளில் சாறு நிறைந்திருப்பதாகவும் எழுதினார். பல பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை, 'ஹூக் வெற்று அறையைத்தான் கண்டார்' என்று முடித்துவிடுகின்றன. சாறு அவர் கண்ணில் பட்டது. அதற்குத் தனிப் பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சில ஆண்டுகளில் லண்டனில் நெகேமையா குரூ அதே அறைகளை 'பை' என்ற பொருளில் பிளாடர் என்றார். போலோன்யாவில் மால்பிகி 'சிறு பை' என்ற பொருளில் யூட்ரிகுலஸ் என்றார். பை என்றால் உள்ளே ஏதோ இருந்தாக வேண்டும். அந்த வகையில் ஹூக்கின் சொல்லைவிட இவை பொருத்தமானவை. ஆனாலும் நிலைத்தது ஹூக்கின் சொல்தான்.

வடமராட்சி

தும்பை ரீச்சர், நாங்கள் செல்லைக் கலம், புரோட்டோபிளாசத்தை முதலுரு, மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்று படித்து வந்தவர்கள். பெயர் வேறென்றாலும் கதை ஒன்றுதான். முதலுருவின் கதையை நான் சொல்கிறேன்.

1835-இல் பிரான்சின் டுஜார்டின் நுண்ணுயிர்களை நசுக்கிப் பார்த்தார். உள்ளிருந்து ஒரு பொருள் வழிந்தது. ஒளி ஊடுருவும், பிசுபிசுக்கும், நீரில் கரையாது, உருண்டு திரளும், ஊசி முனையால் தொட்டால் ஒட்டிக்கொண்டு சளி போல இழுபடும். அதற்கு அவர் 'சார்கோடு' என்று பெயரிட்டார். தசைக்குரிய கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். அக்காலத்தில் ஏரன்பெர்க் என்ற பெரிய ஜெர்மன் அறிஞர், ஒற்றைக்கல உயிருக்குள்ளும் வயிறு, குடல் எல்லாம் குட்டியாக இருக்கிறது என்று படம் வரைந்து கொண்டிருந்தார். டுஜார்டின் அதை மறுத்தார்: குடலும் இல்லை, வயிறும் இல்லை, இந்தப் பிசின் பொருளே எல்லா வேலையையும் செய்கிறது. சார்கோடு என்ற சொல்லுக்குள் இந்த வழக்கும் சேர்ந்தே இருக்கிறது.

1839-இல் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்) செக் நாட்டவரான புர்கின்யே, கருவின் ஆரம்பப் பொருளை 'புரோட்டோபிளாஸ்மா' என்றார். அவர் இளவயதில் துறவற சபை ஒன்றில் சேர்ந்து, குருப்பட்டம் பெறுமுன் வெளியேறியவர். தேவாலய வழக்கில் 'புரோட்டோபிளாஸ்ட்' என்றால் முதலில் படைக்கப்பட்டவன், அதாவது ஆதாம். 1846-இல் ட்யூபிங்கனில் ஹியூகோ ஃபான் மோல் அதே சொல்லைத் தாவரக் கலத்துக்கு எடுத்துக்கொண்டார். கலச்சுவருக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மணிகள் நிறைந்த பிசுபிசுப்பான படலமும், உள்ளே ஓடும் திரவமும் அவர் கணக்கில் அது. அதற்கு முன் ஜெர்மனியில் அதைச் சளி என்றே சொல்லி வந்தார்கள்.

விலங்குக்கு ஒரு பெயர், தாவரத்துக்கு ஒரு பெயர். 1850-இல் ஃபெர்டினாண்ட் கோன் பாசிகளைப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே வகைப் பொருள்தான் என்றார். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆலமரத்துக்குள்ளும் அமீபாவுக்குள்ளும் ஒரே பொருள் இருக்கிறது என்று முதன்முறையாக ஒருவர் தெளிவாகச் சொல்கிறார். அதன்பின் சார்கோடு வழக்கொழிந்தது. பொருள் அழியவில்லை, பெயர் மட்டும் மற்றதோடு கலந்துவிட்டது.

ஆய்வகத்தான்

அருமை, வடமராட்சி அண்ணை. நான் செல் உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். இந்தப் பழைய பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்ன பெயர்கள் பிழைத்துக்கொண்டன. 'இது இன்னதைச் செய்கிறது, இதுவே உயிரின் மூலம்' என்று தீர்ப்பைச் சேர்த்துச் சொன்ன பெயர்கள், அந்தத் தீர்ப்பு விழுந்ததும் கூடவே விழுந்தன.

நியூக்ளியஸையும் சைட்டோபிளாஸ்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பொருள். ராபர்ட் பிரவுன் 1831-இல் ஆர்க்கிட் செடிகளையும் எருக்கஞ்செடியின் குடும்பத்தையும் ஆராய்ந்தபோது ஒவ்வொரு செல்லிலும் ஒரு வட்டப் புள்ளியைக் கண்டார். அதை 'ஏரியோலா' என்றார், அல்லது செல்லின் நியூக்ளியஸ் எனலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நியூக்ளியஸ் என்றால் பருப்பு, கொட்டை. நடுவில் ஏதோ இருக்கிறது, அவ்வளவே. அது என்ன செய்கிறது என்று அவர் வாய் திறக்கவில்லை.

1838-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஷ்லைடன் வந்தார். அந்தப் புள்ளியிலிருந்துதான் புதிய செல் பிறக்கிறது என்று நம்பினார். முதலில் புள்ளி உருவாகிறது, பிறகு கடிகாரத்தின் மேல் கண்ணாடி மூடி போல அதன் மேல் செல் புடைத்து வளர்கிறது என்பது அவர் சொன்ன உவமை. எனவே பெயரையும் மாற்றினார்: சைட்டோபிளாஸ்ட், 'செல்லை முளைக்க வைப்பது'. 1839-இல் ஷ்வான் இதை விலங்குகளுக்கும் விரித்தார். உப்புக் கரைசலில் படிகம் வளர்வது போல ஒரு மூலத் திரவத்தில் செல்கள் தாமாகத் தோன்றுகின்றன என்றார். அந்தத் திரவத்துக்கும் ஒரு பெயர்: சைட்டோபிளாஸ்டீமா.

அப்புறம் என்ன ஆயிற்று? பெர்லினில் ராபர்ட் ரீமாக் கோழிக் கருவின் இரத்த செல்கள் இரண்டாகப் பிரிவதை 1840களின் தொடக்கத்திலேயே பார்த்தார். செல் திரவத்தில் முளைப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் செல் பிரிந்துதான் வருகிறது என்று 1852-இல் உறுதியாக எழுதினார். 'ஒவ்வொரு செல்லும் ஒரு செல்லிலிருந்து' என்ற லத்தீன் வாக்கியம் 1855 முதல் ஜெர்மன் மருத்துவர் ஃபிர்கோவின் பெயரோடு உலகம் சுற்றியது. ரீமாக் யூதர் என்பதால் பிரஷ்யாவில் முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. வகுப்பில் ஃபிர்கோ பெயரைச் சொல்லும்போதெல்லாம் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் டீச்சர்.

இந்த உண்மை வந்ததும் சைட்டோபிளாஸ்டீமா என்ற திரவத்துக்கு இருக்க இடமில்லை. அது இல்லாத பொருளுக்கு வைத்த பெயர். சைட்டோபிளாஸ்டோ இருக்கும் பொருளுக்கு வைத்த பொய்யான பெயர். அதனால் பிரவுனின் பழைய 'கொட்டை'யே திரும்பி வந்தது.

கேள்விக்குறி

ஆய்வகத்தான், உங்கள் விதி அழகாக இருக்கிறது. ஆனால் 'செல்' என்ற சொல்லே அதற்குப் பிடி கொடுக்கவில்லையே? வெற்று அறை என்ற பெயர் முழுத் தவறு. விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது. உள்ளே காலியும் கிடையாது. 1896-இல் அமெரிக்காவின் எட்மண்ட் வில்சன் தன் செல் நூலில் இந்தச் சொல்லே பொருந்தாப் பெயர் என்று வெளிப்படையாக எழுதினார். எழுதியும் அந்த நூலுக்கே 'செல்' என்றுதான் தலைப்பு வைத்தார்! தீர்ப்பு விழுந்தும் சொல் விழவில்லையே.

ஆய்வகத்தான்

நல்ல கேள்வி. 'செல்' விழாததற்குக் காரணம், 1861-இல் மேக்ஸ் ஷுல்ட்சே அதன் அடியில் இருந்த பொருளையே மாற்றிவிட்டார். அதுவரை செல் என்றால் சுவர், உள்ளே திரவம், நடுவில் கொட்டை. ஷுல்ட்சே தசை செல்களைப் பார்த்துவிட்டு, 'உள்ளே நியூக்ளியஸ் கொண்ட ஒரு புரோட்டோபிளாசக் கட்டி, அதுவே செல்' என்று வரையறுத்தார். சுவர் தேவையே இல்லை. அதுவரை உள்ளே அடைத்த சரக்காக இருந்தது அன்றைக்கு வீட்டுக்கே சொந்தக்காரர் ஆயிற்று. டீச்சரின் புத்தகத்தில் வரிக்கு வரி புரோட்டோபிளாசம் வருவதன் தொடக்கம் இங்கேதான்.

கேள்விக்குறி

அப்படியென்றால், பொருள் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோன சொல்லும் பிழைக்கும் என்று உங்கள் விதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று செல் என்று சொல்லும் யாருக்கும் அறை நினைவுக்கு வருவதில்லை.

ஆய்வகத்தான்

சரி, சேர்த்துக்கொள்கிறேன்.

பழையஏடு

'குளோபியூல்' என்ற சொல்லை யாரும் தொடவில்லை. 1674 வாக்கில் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் இரத்தத்தில் கண்ட உருண்டைகள் அவை. பின்னர், ஒவ்வொரு உருண்டையும் ஆறு சிறு உருண்டைகளால் ஆனது என்று அவரே நம்பினார். இந்த உருண்டை ஆசை நூற்றைம்பது ஆண்டு விடவில்லை. 1823-இல் பாரிசில் மில்ன் எட்வர்ட்ஸ், தசை, நரம்பு, தோல் எல்லாமே ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டைகளால் ஆனவை என்று எழுதினார். 1827-இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டரும் தாமஸ் ஹாட்ஜ்கினும், நிறப்பிழை நீக்கிய புதிய லென்ஸை வைத்து அதே திசுக்களைப் பார்த்தார்கள். உருண்டைகளைக் காணோம்! பழைய லென்ஸின் ஒளிவட்டங்கள்தான் பலருக்கு உருண்டையாகத் தெரிந்திருந்தன. (இந்த லிஸ்டர், அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த லிஸ்டரின் அப்பா.)

ஆகவே 'கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்ன பெயர் பிழைக்கும்' என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. எந்தக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது என்பதும் முக்கியம்.

தும்பை

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஷுல்ட்சேக்குப் பிறகு புரோட்டோபிளாசம் ஏன் அப்படிக் கொடிகட்டிப் பறந்தது? பொதுமக்கள் வரைக்கும் போயிற்றா?

பழையஏடு

போயிற்று டீச்சர். 1868 நவம்பர் 8, ஞாயிறு மாலை. எடின்பரோவில் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 'உயிரின் பௌதிக அடிப்படை' என்று ஒரு பொதுச் சொற்பொழிவு ஆற்றினார். காஞ்சொறிச் செடியின் சுணைமுடி ஒன்றை உருப்பெருக்கியில் வைத்தால், உள்ளே புரோட்டோபிளாசம் ஓடைபோல ஓயாமல் ஓடுவதைப் பார்க்கலாம் என்று வர்ணித்தார். செடிக்கும் திமிங்கலத்துக்கும் மனிதனுக்கும் பொதுவான உயிர்ப்பொருள் இது, நீரும் கரியமில வாயுவும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டானது, தண்ணீரின் குணங்களை விளக்க 'தண்ணீர்த்தன்மை' என்று தனியாக ஒன்று தேவைப்படாதது போல இதற்கும் தனி உயிர்ச்சக்தி தேவையில்லை என்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அது அச்சான பத்திரிகை இதழைத் திரும்பத் திரும்ப மறுபதிப்புப் போட வேண்டி வந்தது.

அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியமும் இதோடு சேர்ந்தது. 1857-இல் கடலடித் தந்திக் கம்பிக்காக அட்லாண்டிக் ஆழத்தை அளந்த சைக்ளோப்ஸ் கப்பல், கடற்படுகைச் சேற்றை அள்ளி வந்து ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்தது. 1868-இல் ஹக்ஸ்லி அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஜெல்லி போன்ற ஒன்று தெரிந்தது. நியூக்ளியஸ் இல்லாத வெறும் புரோட்டோபிளாசம், கடல்தரை முழுக்க விரிந்து கிடக்கும் ஆதி உயிர் என்று எண்ணினார். ஜெர்மன் விலங்கியலாளர் ஹேக்கலின் பெயரைச் சேர்த்து 'பாத்திபியஸ் ஹேக்கலி' என்று பெயரிட்டார். கொட்டை கூட இல்லாத உயிர்க்கட்டிகள் உண்டு என்று 1866-லேயே எழுதி, அவற்றுக்கு 'மொனேரா' என்று பெயரும் வைத்திருந்தவர் ஹேக்கல். அவருக்கு இது பெரிய மகிழ்ச்சி.

1872-இல் சேலஞ்சர் கப்பல் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்டது. புதுச் சேற்றில் ஜெல்லியைக் காணவில்லை. கப்பலின் வேதியியலாளர் ஜான் யங் புக்கானன் கண்டுபிடித்தார்: கடல்நீரோடு நிறைய ஆல்கஹால் சேர்த்தால் கால்சியம் சல்பேட் ஜெல்லி போலப் படிகிறது. ஆதி உயிர் என்று பெயர் பெற்றது பாட்டிலுக்குள் உண்டான படிவு. 1875-இல் செய்தி வந்ததும் ஹக்ஸ்லி 'நேச்சர்' இதழில் தானே வெளிப்படையாக அறிவித்துப் பின்வாங்கினார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஹேக்கல் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை.

நெல்வயல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் விதை ஆராய்ச்சிப் பக்கம். எங்கள் துறையில் 'ஜெர்ம்பிளாசம்' என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. நெல் ஜெர்ம்பிளாசம், சோள ஜெர்ம்பிளாசம் என்று குளிர்ப்பெட்டியில் விதைகளைச் சேர்த்து வைக்கிறோம். இது 1880களில் ஃப்ரைபர்க்கின் ஆகஸ்ட் வைஸ்மன் உருவாக்கிய சொல். உடல் செல்களில் நடப்பது எதுவும் அடுத்த தலைமுறைக்குப் போகாது, இனப்பெருக்க செல்களில் தனியாக ஓடிவரும் ஒரு பொருள்தான் மரபைக் கடத்துகிறது என்பது அவர் கொள்கை. எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியும் வாலில்லாத குட்டி பிறக்கவில்லை என்று காட்டியவர் அவர்தான்.

அவர் கற்பனை செய்த நுண்ணமைப்பில் பலதும் போய்விட்டது. 1909-இல் யோஹான்சன் 'ஜீன்' என்று சுருக்கிச் சொன்னபின் மரபியலுக்கு ஜெர்ம்பிளாசம் தேவைப்படவில்லை. வேளாண்மையில் மட்டும் தங்கிவிட்டது. இப்போது அதற்கு விதை, கிழங்கு, ஒட்டுக்குச்சி என்று கையில் எடுத்துக் காட்டும்படியான பொருள்.

தும்பை

பயோபிளாஸ்ட், காண்ட்ரியோசோம் பற்றி யாராவது? அந்தப் புத்தகத்தில் படம் கூட இருக்கிறது. பார்த்தால் மைட்டோகாண்ட்ரியா போலத்தான் தெரிகிறது.

ஆய்வகத்தான்

மைட்டோகாண்ட்ரியாவேதான் டீச்சர். லைப்சிக்கில் ரிச்சர்ட் ஆல்ட்மன் ஆஸ்மியம் டெட்ராக்சைடும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கலந்த கரைசலில் திசுவை ஊறவைத்து, அமில ஃபுக்சினில் சூடுகாட்டிச் சாயம் ஏற்றினார். மஞ்சள் பின்னணியில் கருஞ்சிவப்பு மணிகள் செல் முழுக்கத் தெரிந்தன. அவ்வளவு சுத்தமாக யாரும் அதற்கு முன் காட்டியதில்லை.

1890-இல் வந்த அவர் நூலின்படி, இந்த மணிகளே உண்மையான உயிர்கள். பாக்டீரியா போன்றவை. செல் என்பது அவை கூட்டமாகக் குடியிருக்கும் இடம். ஆகவே பெயர் பயோபிளாஸ்ட், 'உயிர் முளை'. 'ஒவ்வொரு மணியும் ஒரு மணியிலிருந்து' என்று ஃபிர்கோவின் வாக்கியத்தைத் தழுவி லத்தீனிலும் எழுதினார். அறிஞர்கள் ஏற்கவில்லை. மணிகள் சாயத்தால் உண்டான மாயம் என்று கூடச் சிலர் சொன்னார்கள்.

1898-இல் கார்ல் பெண்டா விந்தணு உருவாகும் செல்களில் அதே மணிகளை வேறு சாயத்தில் பார்த்தார். சில இடத்தில் நூலாக, சில இடத்தில் மணியாக இருந்தன. நூல், மணி இரண்டுக்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து மைட்டோகாண்ட்ரியான் என்றார். வேறு எதையும் சொல்லவில்லை. வடமராட்சி அண்ணை சொல்லும் இழைமணி அப்படியே அதுதான். நடுவில் காண்ட்ரியோசோம், பிளாஸ்டோசோம், சார்கோசோம் என்று டஜன் கணக்கில் பெயர்கள் வந்து போயின. தசையில் பார்த்தவர் ஒரு பெயர், ஈரலில் பார்த்தவர் ஒரு பெயர். 1940களின் இறுதியில் கென்னடியும் லெனிஞ்சரும், ஈரல் செல்லில் ஆற்றலை எடுக்கும் வினைகள் இந்த உறுப்பில்தான் நடக்கின்றன என்று காட்டினார்கள். பெயர் வேலையைப் பற்றி எதுவும் சொல்லாததால் பெயரை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆல்ட்மன் வைத்த இன்னொரு பெயரை நாம் தினமும் சொல்கிறோம். 1869-இல் ட்யூபிங்கன் கோட்டையின் பழைய சமையலறையில் இருந்த ஆய்வகத்தில், மீஷர் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளில் இருந்த சீழைக் கழுவி எடுத்து, பன்றி இரைப்பையிலிருந்து பெற்ற பெப்சினால் புரதத்தைச் செரிக்கவிட்டு, நியூக்ளியஸிலிருந்து பாஸ்பரஸ் நிறைந்த ஒரு பொருளைப் பிரித்தார். பெயர் நியூக்ளின். 1889-இல் அதிலிருந்த புரதத்தை நீக்கி 'நியூக்ளிக் அமிலம்' என்றவர் ஆல்ட்மன். டிஎன்ஏ என்பதில் வரும் 'என்' நியூக்ளியஸின் எழுத்து; பிரவுன் சொன்ன கொட்டை அங்கேயும் இருக்கிறது.

கேள்விக்குறி

ஆல்ட்மனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 1960களில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனி டிஎன்ஏ இருப்பது தெரிந்தது. 1967-இல் லின் மார்குலிஸ், இவை ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்கள், பெரிய செல்லுக்குள் குடிபுகுந்தவை என்றார். இன்று அது பாடப்புத்தக அறிவு. பாக்டீரியா போன்றவை, தம்மில் இருந்தே பெருகுபவை என்று ஆல்ட்மன் 77 ஆண்டு முன்னால் சொல்லிவிட்டாரே! உங்கள் விதிப்படி பெண்டா ஜெயித்தார். ஆனால் துணிந்து சொன்னவர் ஆல்ட்மன்.

ஆய்வகத்தான்

துணிவை மறுக்கவில்லை. ஆனால் ஆல்ட்மன் சொன்னது 'குடிபுகுந்தவை' என்றல்ல. மணிகள் மட்டுமே உயிர், மற்றதெல்லாம் அவை சுரந்தது என்றார். நியூக்ளியஸும் மணிகளின் கூட்டமே என்றார். அவர் சொன்னதில் பாதி சரி, அது சரியென்று காட்ட அவர் கையில் சாயத்தைத் தவிர ஒன்றுமில்லை. பாக்டீரியாவோடு ஒப்பிட அவருக்கு உருவம் மட்டுமே கிடைத்தது. மார்குலிஸுக்கு டிஎன்ஏவும் ரைபோசோமும் கிடைத்தன.

கேள்விக்குறி

அதை ஏற்கிறேன். ஆனாலும் மைட்டோகாண்ட்ரியா பாடத்தில் அவர் பெயருக்கு ஒரு வரி இருக்க வேண்டும்.

வடமராட்சி

எர்காஸ்டோபிளாசம் விடுபட்டுப் போச்சு. 1897-இல் பிரான்சில் கார்னியே, சுரப்பிக் கலங்களின் அடிப்பகுதியில் காரச் சாயத்தை நன்றாகப் பிடிக்கும் இழைகளைப் பார்த்தார். சுரக்கும் வேலையைச் செய்யும் பொருள் என்று கருதி, 'வேலை செய்பவன்' என்ற கிரேக்கச் சொல்லை வைத்தார். அடுத்த அரை நூற்றாண்டு அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1945-இல் நியூயார்க்கில் போர்ட்டரும் குழுவும் கோழிக் கருவின் கலத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) வைத்தபோது சரிகை பின்னியது போல ஒரு வலை தெரிந்தது. 1950களின் தொடக்கத்தில் எண்டோபிளாச வலை என்று பெயர். கார்னியே பார்த்த இழைகள் அதே வலையில் ரைபோசோம் ஒட்டிய பகுதிதான். அவர் ஊகித்த வேலையும் சரியே: வெளியே அனுப்பும் புரதம் அங்கேதான் உருவாகிறது. வேலையைச் சரியாகச் சொல்லியும் பெயர் போனது!

கோல்கியின் கதை இதற்கு நேர்மாறு. 1898-இல் பாவியாவில் ஆந்தையின் மூளைக் கலங்களை வெள்ளி உப்பில் கறுப்பாக்கிப் பார்த்து 'உள் வலை அமைப்பு' என்றார்; இன்று அதைக் கோல்கி உறுப்பு என்கிறோம். அதன்பின் ஐம்பது ஆண்டுக்கு மேல், அது உண்மையா வெள்ளி செய்த மாயமா என்று சண்டை. 1949-இல் கல ஆய்வாளர்களான பலாடேயும் கிளாடும்கூட அது தயாரிப்பில் உண்டாகும் மாயம் என்று கட்டுரை எழுதினார்கள். 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் வந்து, அடுக்கடுக்கான பைகள் கண்ணெதிரே நின்றபின் சண்டை ஓய்ந்தது. அதே பலாடே பின்னாளில் கோல்கி வழியே புரதம் போகும் பாதையைக் காட்டி, 1974-இல் கிளாட், டி டூவ் இருவரோடும் நோபல் பரிசு பெற்றார்.

ஆய்வகத்தான்

இந்த 'மாயம்' என்ற பயம்தான் புரோட்டோபிளாசத்தைக் கவிழ்த்த முதல் அடி. 1890களில் பெரிய கேள்வி, புரோட்டோபிளாசத்தின் அமைப்பு என்ன என்பது. நூல் வலை என்றார் ஃபிளெமிங், மணி என்றார் ஆல்ட்மன், நுரை என்றார் ப்யூட்ஷ்லி. ப்யூட்ஷ்லி ஆலிவ் எண்ணெயில் நுரை செய்து, அது அமீபா போல நகர்வதைக் காட்டினார். 1899-இல் ஆல்ஃபிரட் ஃபிஷர் உயிரே இல்லாத புரதக் கரைசலை எடுத்து, செல்லைப் பதப்படுத்தும் அதே மருந்துகளை ஊற்றினார். மணியும் வந்தது, வலையும் வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஹார்டியும் இதே முடிவுக்கு வந்தார். நீங்கள் பார்ப்பது செல்லையா, உங்கள் மருந்தையா? பல ஆண்டு உழைப்பின் மேல் விழுந்த கேள்வி இது.

இரண்டாவது அடி சுழற்சி இயந்திரம். 1940களில் கிளாட் ஈரலை அரைத்து, வேகம் கூட்டிக் கூட்டிச் சுழற்றினார். கனமானது முதலில் படிந்தது, இலேசானது கடைசியில். ஒவ்வொரு படிவையும் தனியாக எடுத்து அதில் எந்த நொதி இருக்கிறது என்று பார்க்கலாம். பெல்ஜியத்தில் டி டூவ் எலி ஈரலில் அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதியை அளந்தபோது எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் கிடைத்தது. மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில நாள் கழித்து அளந்தால் அளவு எகிறியிருந்தது. நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது, நாளானதும் பை உடைந்து வெளிவந்தது. 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். வேலையைச் சொல்லும் பெயர், ஆனாலும் நிலைத்தது. ஏனென்றால் இங்கே வேலை முதலில் தெரிந்தது, உருவம் பிறகுதான். வடமராட்சி அண்ணையின் கார்னியேக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம் கிடைத்துக்கொண்டே போனபோது, எல்லாவற்றையும் தானே செய்த புரோட்டோபிளாசத்துக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. யாரும் அதைத் தவறென்று நிரூபிக்கவில்லை. 1926-இல் தொடங்கிய 'புரோட்டோபிளாஸ்மா' ஆய்விதழ் இன்றும் அதே பெயரில் வருகிறது.

டீச்சர், உங்கள் மாணவர்களுக்கான பதில். செல் சவ்வுக்குள் இருக்கும் எல்லாம், அதாவது நியூக்ளியஸும் அதற்கு வெளியே உள்ள சைட்டோபிளாசமும் சேர்ந்து புரோட்டோபிளாசம் என்று எழுதினால் தவறில்லை. அதை ஒரு தனி வேதிப்பொருள் என்றோ, 'புரோட்டோபிளாசம் சுவாசிக்கிறது' என்றோ எழுதினால் இன்றைக்குப் போதாது. எந்த உறுப்பு என்று சொல்ல வேண்டும். புரோட்டோபிளாஸ்ட் வேறு, அதைக் குழப்ப வேண்டாம். சுவர் நீக்கிய தாவர செல் அது. 1960-இல் நாட்டிங்காமில் கோக்கிங் தக்காளி வேர்நுனியின் செல்சுவரை நொதியால் கரைத்து எடுத்துக் காட்டினார். திசு வளர்ப்பு ஆய்வகங்களில் இன்றும் அன்றாடச் சொல்.

தும்பை

மிக்க நன்றி. அடுத்த வாரம் செய்முறை வகுப்பில் பிளாஸ்மோலிசிஸ் (அடர்ந்த கரைசலில் செல்லின் உள்ளடக்கம் சுருங்கிச் சுவரைவிட்டு விலகுவது) இருக்கிறது, ரியோ என்ற செடியின் இலையில். அதோடு புரோட்டோபிளாசம் ஓடுவதையும் காட்ட முடியுமா? எங்களிடம் சாதாரண கூட்டு நுண்ணோக்கிதான்.

ஆய்வகத்தான்

தாராளமாக. குளத்தில் கிடைக்கும் ஹைட்ரில்லா போதும். நுனிக்கு அருகில் உள்ள இளம் இலை ஒன்றைக் கிள்ளி, அதே குளத்து நீரில் வைத்துக் கண்ணாடிச் சில்லால் மூடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். குளிர்ந்த நீரில் ஓட்டம் மந்தமாக இருக்கும், இளஞ்சூடு பட்டால் வேகம் எடுக்கும். 40 மடங்கு பொருளருகு லென்ஸில் நடுநரம்பை ஒட்டிய நீண்ட செல்களைப் பாருங்கள். பசுங்கணிகங்கள் (பச்சை மணிகளான குளோரோபிளாஸ்ட்கள்) சுவரை ஒட்டியே வரிசையாக, ஒரே திசையில் சுற்றி வரும். 1774-இல் இத்தாலியின் கோர்ட்டி காரா பாசியில் பார்த்ததும் இதே சுற்றுதான். பசுங்கணிகம் தானாக நீந்தவில்லை, அதைச் சுமந்துகொண்டு ஓடுவது சைட்டோபிளாசம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு செல்லையே கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்லைடை நகர்த்திக்கொண்டே இருந்தால் ஓட்டம் பிடிபடாது.